ஹவாயிலிருந்து ஹார்ட் டிஸ்க் வரை

அமெரிக்கக் கன்ட்ரி பாட்டில் பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில், பின்னாலிருந்து ஒரு தந்தி வாத்தியம் இழைந்து வரும். ஒரு சுரம் அசையாமல் நிற்க, பக்கத்துச் சுரம் மட்டும் மெல்ல நகர்ந்து வேறோர் இடத்தில் போய் உட்காரும். அதுதான் பெடல் ஸ்டீல் கிட்டார். வீட்டில் ஒரு கணினி, ஒரு மைக், ஒரு சின்ன கீபோர்டு வைத்துக்கொண்டு கன்ட்ரி பாட்டு பதிவு செய்கிறவர்களுக்கு டிரம்ஸ், பேஸ், பியானோ எல்லாம் சாஃப்ட்வேராகவே நன்றாகக் கிடைக்கின்றன. பெடல் ஸ்டீலுக்கு வந்ததும் வேலை நின்றுவிடும். ஏன் என்று தெரிய வேண்டுமானால் இந்த வாத்தியம் வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

வழி தொடங்குவது ஹவாயில். 1830களில் மாடு மேய்க்கும் வேலைக்காக அங்கே வந்த மெக்சிகோக்காரர்கள் கிட்டாரையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஹவாய் மக்கள் தந்திகளைத் தளர்த்தி, எங்கும் விரல் வைக்காமல் மீட்டினாலே ஒரு முழு கார்ட் ஒலிக்கும்படி சுருதி கூட்டிக்கொண்டார்கள். 1880களில் ஓஆஹு தீவின் லாயே ஊரைச் சேர்ந்த ஜோசப் கெகுகு என்ற சிறுவன் கிட்டாரை மடியில் கிடத்தி, எஃகுத் துண்டு ஒன்றைத் தந்திகள்மேல் வழுக்கி வாசிக்க ஆரம்பித்தான். ரயில் பாதையோரம் கண்டெடுத்த ஒரு போல்ட்டில் தொடங்கியது என்று சொல்வார்கள். இந்தியாவில் பிறந்து கப்பலில் ஹொனலுலு வந்து சேர்ந்த கேப்ரியல் டேவியன்தான் முதலில் இப்படி வாசித்தவர் என்று இன்னொரு கதையும் உண்டு. மரக்கட்டையைத் தந்திமேல் வழுக்கும் கோட்டுவாத்தியத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த இரண்டாவது கதைமேல் ஒரு ஆசை வருவது இயல்பு. ஆனால் இந்த முறையைச் செம்மைப்படுத்தி உலகத்தின் காதுக்குக் கொண்டுபோனவர் கெகுகு. அந்தப் பெருமை அவருக்குத்தான்.

கெகுகு 1904இல் அமெரிக்கப் பெருநிலத்துக்குக் கிளம்பினார். 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் பொருட்காட்சியின் ஹவாய் அரங்கில் இசை கேட்டுப் போனவர்கள் ஊர் ஊராக அந்த இசையைப் பரப்பினார்கள். தெற்கு மாநிலங்களின் நாட்டுப்பாடகர்களுக்கு அது பிடித்துப்போனது. கன்ட்ரி இசையின் முதல் பெரும் நட்சத்திரமான ஜிம்மி ராட்ஜர்ஸ், 1929 ஒலிப்பதிவுகளில் ஹவாய்க்காரரான ஜோ கைப்போவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். கூட்டத்தின் இரைச்சலில் கேட்க வேண்டுமே என்பதற்காக ஜார்ஜ் பீச்சம் மின்காந்த பிக்கப் பொருத்தி உருவாக்கிய ஸ்டீல் கிட்டாரை ரிக்கன்பேக்கர் 1932இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வட்ட உடலும் நீளக் கையுமாக இருந்ததால் அதற்கு ‘வாணலி’ என்றே பெயர் விழுந்தது. வணிகரீதியாக வெற்றி பெற்ற முதல் மின்கிட்டார் இந்த மடிக் கிட்டார்தான். ராக் இசைக்காரர்கள் கையில் பிடித்த கிட்டாரெல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

இதில் ஒரு குறை இருந்தது. கையிலிருக்கும் எஃகுத் துண்டு நேரானது; எங்கே வைத்தாலும் எல்லாத் தந்திகளையும் ஒரே அளவு உயர்த்தும். சுருதி கூட்டியபோது என்ன கார்ட் இருந்ததோ, அதேதான் மேலும் கீழும் போகும். வேறு கார்ட் வேண்டுமென்றால் வேறு சுருதி கூட்டிய இன்னொரு கழுத்து வேண்டும். இரண்டு கழுத்து, மூன்று கழுத்து, நான்கு கழுத்து என்று வாத்தியம் மேசை அளவுக்குப் பெருத்தது. பிறகு மடியில் வைக்க முடியாமல் கால் முளைத்தது.

கலிஃபோர்னியாவில் பால் பிக்ஸ்பி என்ற இயந்திரத் தொழிலாளி இருந்தார். மோட்டார் சைக்கிள் பாகங்கள் செய்து கை பழகியவர். 1948இல் ஸ்பீடி வெஸ்ட் என்ற வாசிப்பாளருக்கு மிதிக்கும் பெடல்கள் கொண்ட ஸ்டீல் கிட்டார் ஒன்றைச் செய்து கொடுத்தார். முதலில் பெடல்களின் வேலை ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது மட்டும்தான். மிதித்துவிட்டுப் பிறகு மீட்டுவார்கள். 1953 நவம்பரில் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாடல் பதிவில் பட் ஐசக்ஸ் இதை மாற்றினார். முதலில் மீட்டினார், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். கார்டின் உள்ளே சுரங்கள் ஊர்ந்து போவது அப்படியே ஒலித்தட்டில் விழுந்தது. 1954இல் அந்தப் பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. நாடெங்கும் ஸ்டீல் வாசித்தவர்கள் தங்கள் வாத்தியத்துக்குப் பெடல் பொருத்த ஓடினார்கள். கன்ட்ரி இசை என்றதும் இன்று நம் காதில் ஒலிக்கிற அந்தக் குரல் பிறந்தது அந்தப் பதிவில்தான் என்பேன். 1962இல் பட்டி எம்மன்ஸ் என்ற வாசிப்பாளர் மேலும் இரண்டு தந்திகளைச் சேர்த்து, இன்றைக்கும் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் புழங்கும் பத்துத் தந்தி ஈ-நைன்த் அமைப்பை முழுமையாக்கினார்.

அந்த அமைப்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மூன்றாவது தந்தி ஜி ஷார்ப், நான்காவது ஈ, ஐந்தாவது பி. மூன்றையும் சேர்த்து மீட்டினால் ஈ மேஜர். இடது பாதத்தைச் சாய்த்து முதல் இரண்டு பெடல்களையும் ஒன்றாக மிதித்தால், பி இரண்டு அரைச்சுரம் ஏறி சி ஷார்ப் ஆகும், ஜி ஷார்ப் ஓர் அரைச்சுரம் ஏறி ஏ ஆகும், ஈ அசையாது. இப்போது ஒலிப்பது ஏ மேஜர். கை ஓர் அங்குலமும் நகரவில்லை. இதற்கு மேல் முழங்கால்களால் தள்ளும் லீவர்கள் வேறு. வலது பாதம் எப்போதும் வால்யூம் பெடலில் இருக்கும். மீட்டும் நொடியில் ஒலியை அடக்கி, தந்தி ஓயத் தொடங்கியதும் மெல்ல அழுத்தித் தூக்குவார்கள். அதனால்தான் மீட்டிய சத்தம் கேட்காமல் சுரம் மட்டும் எங்கிருந்தோ மலர்ந்து வருவதுபோல் இருக்கிறது.

இப்போது கணினிக்கு வருவோம். 1979இல் ஆஸ்திரேலியாவின் ஃபேர்லைட் ஒலித்துணுக்குகளைக் கீபோர்டில் வாசிக்கும் வழியைத் திறந்துவிட்டது. 1998இல் கிகாசாம்ப்ளர் என்ற மென்பொருள் நீண்ட ஒலிப்பதிவுகளை ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே நேரடியாக ஓடவிட்டது. 2002இல் அதே வகையில் கான்டாக்ட் வந்தது. ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக, நடுத்தரமாக, அழுத்தமாக மீட்டித் தனித்தனியே பதிந்து அடுக்கிவிட்டால் வாத்தியம் தயார் என்ற நம்பிக்கை பரவியது. பியானோவுக்கு அது சரி. பாஞ்சோவுக்கும் பெரும்பாலும் சரி, அதன் சுரம் பிறந்ததும் ஓய்ந்துவிடுகிறது. பெடல் ஸ்டீலின் உயிர் சுரத்தில் இல்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் இருக்கிறது. கமகம் இல்லாமல் தோடியின் சுரங்களை மட்டும் கீபோர்டில் அழுத்திப் பார்த்த எவருக்கும் இந்தச் சங்கடம் புரியும்.

தடை, கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி மொழியிலேயே இருந்தது. 1983இல் வந்த அந்த மொழியில் சுரத்தை வளைக்கக் கீபோர்டில் ஒரு பிட்ச் வீல் உண்டு. அது ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் ஒரே அளவு வளைக்கும். நமக்கு வேண்டியதோ இரண்டு, ஒன்று, பூஜ்யம் என்று ஒரே நேரத்தில் மூன்று அளவு. பிட்ச் வீல் கையிலிருக்கும் எஃகுத் துண்டின் வேலையைச் செய்யும். பாதத்தின் வேலை அதற்கு ஆகாது. 1991இல் வகுத்த ஜெனரல் மிடி பட்டியலின் 128 ஒலிகளில் பாஞ்சோவும் ஃபிடிலும் ஹார்மோனிகாவும் இடம் பெற்றன, பெடல் ஸ்டீல் பெறவில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் கொடுக்கும் எம்பிஇ முறை 2018இல்தான் அதிகாரபூர்வமானது.

இப்படிப் பதிந்த ஒலிகளை அடுக்கி விற்கும் நல்ல ஒலி நூலகங்கள் அதற்கு முன்பே வேறு வழி கண்டன. வேவ்லோரின் பெடல் ஸ்டீல் போன்றவை தந்தியோடு பெடலின் இயக்கத்தையும் சேர்த்துப் போலச் செய்ய முனைந்தன. பேண்ட்-இன்-எ-பாக்ஸ் என்ற மென்பொருள் நேர் எதிர்த் திசையில் போனது. டக் ஜெர்னிகன் போன்ற கைதேர்ந்தவர்களை வாசிக்கவைத்து, அந்த வாசிப்பையே துண்டுகளாக வைத்துக்கொண்டு, நீங்கள் தரும் கார்டுகளுக்கு ஏற்பக் கோத்துத் தருகிறது. ஒலி உண்மையானது. ஆனால் உங்கள் பாட்டின் வரியைக் கேட்டுப் பதில் சொல்ல அதற்குத் தெரியாது.

ஆகவே வாங்கும் முன் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள். ஒலிக்கும் கார்டில் ஒரு சுரத்தை மட்டும் நகர்த்த முடிகிறதா? முடியாவிட்டால் அது எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் பெடல் ஸ்டீல் இல்லை. அடுத்து, நடுக்கம். நிஜத்தில் ஒரே எஃகுத் துண்டு அசைவதால் எல்லாச் சுரங்களும் ஒன்றாக நடுங்கும். தனித்தனியே நடுக்கத்தோடு பதிந்த சாம்பிள்களைச் சேர்த்து வாசித்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஆடும், காது உடனே கண்டுபிடித்துவிடும். மூன்றாவது, சுருதி. ஈ மேஜரின் ஜி ஷார்ப்பைப் பல வாசிப்பாளர்கள் பியானோவின் இடத்துக்குச் சற்றுக் கீழே வைக்கிறார்கள். தம்புராவில் தானாகக் கேட்கும் காந்தாரத்தின் இடம் அது, பியானோவைவிட ஏறக்குறைய 14 சென்ட் கீழே. எல்லாவற்றையும் பியானோவுக்குச் சரிசெய்துவிட்ட நூலகத்தில் அந்தத் தித்திப்பு இராது.

வாங்கிய பிறகு வாசிப்பிலும் அடக்கம் வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று சுரங்களுக்கு மேல் வேண்டாம். எக்ஸ்பிரஷன் பெடல் ஒன்று வாங்கி வலது காலுக்குக் கொடுங்கள். பாடகர் பாடும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். நாஷ்வில்லின் பெரிய கைகள் எல்லாம் அப்படித்தான் வாசித்தார்கள்.

பின்னணியில் நீண்டு நிற்கும் கார்டுகளுக்கு சாஃப்ட்வேர் தாராளமாகப் போதும். நடுவில் தனி வாசிப்பு வரும் அந்தச் சில பார்களுக்கு மட்டும் ஓர் ஆளைக் கூப்பிடுங்கள். இன்று பல ஸ்டீல் வாசிப்பாளர்கள் தங்கள் வீட்டிலேயே பதிவு செய்து கோப்பாக அனுப்பிவைக்கிறார்கள். நூலகத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை அவர்களுக்கும் ஒதுக்குங்கள்.