கடாவும் விடையும்: காஞ்சி வட்டார அரங்கேற்ற மரபும் இணைய விளையாட்டுக் களம் வரைவோரின் திருத்துரை நெறியும்

ஆய்வுச் சுருக்கம்

ஒருவர் ஆக்கிய படைப்பைப் பலர் கூடி ஆராய்ந்து, குறை காட்டி, திருத்தம் பெறச் செய்யும் நெறி தமிழில் அரங்கேற்றம் என்னும் பெயரால் நெடுங்காலம் நிலவியது. பாயிர இலக்கணம், தொல்காப்பிய அரங்கேற்றம் பற்றிய உரைமரபு, காஞ்சிக் குமரகோட்டத்தில் கந்தபுராணம் அரங்கேறியதாக வழங்கும் வரலாறு, உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், சிவஞான முனிவரின் இருவேறு பணிகள் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இவற்றால் புலப்படும் நெறி, 1993க்குப் பின் உருவான கணினி விளையாட்டுக் களம் வரைவோர் குழாங்களின் நெறியோடு ஒப்பிடப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் அவை நீங்கிக் கண்டனம் மட்டும் எஞ்சியதால் நேர்ந்த இழப்பும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அரங்கேற்றம், பாயிரம், கடா, விடை, திருத்துரை, குமரகோட்டம், களம் வரைவோர்.

1. முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாஜாபாத்திற்கு அண்மையில் உள்ளது தென்னேரி. திரையன் ஏரி என்பதே தென்னேரி என மருவியது என்பர். அப்பெயரால் நினைக்கப்படும் தொண்டைமான் இளந்திரையன், கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன். புறநானூற்றின் 185ஆம் பாடல் அவன் பெயரிலேயே அமைந்துள்ளது. அரசாட்சியை வண்டிக்கு உவமித்து, செலுத்துவோன் திறமற்றவனாயின் அது பகையாகிய சேற்றில் அழுந்தும் என்பது அப்பாடலின் கருத்து. பாடப்பெற்றவனே பாடியவனாகவும் விளங்கும் இந்நிலை, ஆக்குவோரும் மதிப்பிடுவோரும் ஒரே குழாத்தினராக இருந்த பண்பாட்டைக் காட்டுகிறது.

இன்றைய இணைய வெளியில் இத்தகைய குழாம் ஒன்று தழைத்துள்ளது. கணினி விளையாட்டுகளுக்குரிய களங்களை ஆர்வலர் தாமே வரைந்து, பிறர் ஆடிப் பார்க்க வெளியிட்டு, அவர்தம் கருத்தறிந்து திருத்துகின்றனர். ‘மேப்’ என வழங்கும் அக்களம் பன்முறை திருத்தம் பெற்ற பின்னரே நிறைவுற்றதாகக் கருதப்படும். ஆக்கத்திற்கு உதவும் நோக்கில் கூறப்படும் குறைகாட்டலை இக்கட்டுரை ‘திருத்துரை’ எனக் குறிக்கிறது. அது எந்நிலையில் பயன் தரும், எந்நிலையில் பகையாகத் திரியும் என்பதே ஆய்வு வினா.

2. பாயிரம் கூறும் களம்

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், சிறப்புப் பாயிரத்திற்குரிய செய்திகளாக ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினைக் கூறுகிறது. காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்து உரைப்பாரும் உளர் என்கிறது. ஈண்டுக் களம் என்பது நூல் அரங்கேறிய அவை. நூலை இயற்றியவர் யார் என்பதோடு, அது எவ்வவையில் ஆராயப்பட்டது என்பதும் நூலின் அடையாளத்துள் அடங்கியது. அவை கண்ட நூலே நூல் என்னும் கருத்து இதன் அடியில் உள்ளது.

குறை காட்டுவதற்குரிய சொற்களையும் இலக்கணமே வகுத்துத் தந்தது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் முதலிய பத்துக் குற்றங்கள் பெயரிடப்பட்டன. பத்து அழகுகளும் முப்பத்திரண்டு உத்திகளும் உடன் கூறப்பட்டன. இதன் பயன் பெரிது. ‘இப்பகுதி நன்றாக இல்லை’ என்னும் கூற்றுக்கு ஆக்கியோன் விடையளிக்க இயலாது. ‘இவ்விடத்து முன்கூறியதற்கு மாறாகக் கூறினீர்’ எனின், இடம் தெரிகிறது. குற்றத்தின் வகை தெரிகிறது. திருத்தும் வழியும் தெரிகிறது. பொதுவான கலைச்சொல் இருந்தமையால், மதிப்பீடு தனியொருவரின் விருப்பு வெறுப்பாகச் சுருங்கவில்லை.

நூலுக்குரிய பாயிரத்தை ஆசிரியன் தானே கூறிக்கொள்ளாது, தன் ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோருள் ஒருவர் கூறவேண்டும் என்பதும் நன்னூல் வகுத்த நெறி. படைப்பின் தகுதியைப் பிறர் வாயால் அறிதலே முறை.

3. அதங்கோட்டாசான்: இடர்ப்பட்ட மதிப்பாளர்

நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசானுக்குத் தெரிவித்துத் தொல்காப்பியம் அரங்கேறியது என்று பனம்பாரனாரின் பாயிரம் கூறுகிறது. இதற்கு நச்சினார்க்கினியர் தரும் விளக்கம் கருதத்தக்கது. தொல்காப்பியனார்பால் சினங்கொண்ட அகத்தியனார், அந்நூலைக் கேட்கலாகாது என அதங்கோட்டாசானைத் தடுத்தார். தொல்காப்பியனாரோ பன்முறை வந்து கேட்குமாறு வேண்டினார். இருவர் மனமும் கோணாதிருக்க, நூலைக் கேட்டு அதிற் குற்றம் கூறிவிடுவதென ஆசான் துணிந்தார். அவர் எழுப்பிய கடாக்கள் அனைத்திற்கும் தொல்காப்பியனார் விடை கூறினார். அதனால் நூல் குற்றமற்றது என நிறுவப்பட்டது.

இது வரலாற்று நிகழ்ச்சியா என்பது வேறு ஆய்வு. உரைகாரர் காலத்துப் புலமைச் சமூகம் எதனை இயல்பெனக் கருதியது என்பதற்கு இது சான்று. மதிப்பாளர் நடுவுநிலையோடு வரவில்லை. குற்றம் காணும் முன்முடிவோடு வந்தார். ஆயினும் நடைமுறை நூலைக் காத்தது. கடா ஒவ்வொன்றும் அவையறியக் கூறப்பட வேண்டியிருந்தது. விடை கூற ஆக்கியோனுக்கு இடம் இருந்தது. விடை தக்கதாயின் கடா வீழ்ந்தது. மதிப்பாளரின் மனநிலையைக் காட்டிலும் மதிப்பீட்டு முறையின் ஒழுங்கே முதன்மையானது என்பது இக்கதையால் பெறப்படுகிறது.

4. குமரகோட்டத்தில் எழுந்த கடா

காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணத்தை அரங்கேற்றினார் என்பது அவ்வூர் மரபு. அரங்கேற்ற மண்டபம் எனக் காட்டப்படும் மண்டபம் அக்கோயிலில் இன்றும் உள்ளது. ஆறு காண்டங்களும் பதினாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களும் கொண்ட அப்பெருநூல், முதற்சொல்லிலேயே தடைபட்டது என்கிறது மரபுவழி வரலாறு. திகழ், தசம் என்னும் இரு சொற்கள் ‘திகடசம்’ எனப் புணர்ந்ததற்கு விதி எங்குளது என அவையினர் வினவினர். அத்தொடரை முருகப்பெருமானே எடுத்துக் கொடுத்தான் என்பது நம்பிக்கை. ஆயினும் அவை அதனை விடையாக ஏற்கவில்லை. இலக்கண விதியையே கேட்டது. மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர், வீரசோழியத்தின் சந்திப் படலத்தில் அதற்குரிய விதியைக் காட்ட, அரங்கேற்றம் தொடர்ந்தது.

இவ்வரலாற்றில் மூன்று கூறுகள் ஆய்வுக்குரியன.

முதலாவது, கடாவின் நுண்மை. நூல் முழுவதையும் அவையினர் பழிக்கவில்லை. ஒரு புணர்ச்சியை மட்டும் சுட்டினர். ஆக்கியோன் எதற்கு விடை தேடவேண்டும் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை.

இரண்டாவது, கால இடைவெளி. கடா எழுந்த அன்றே தீர்ப்பு வழங்கப்படவில்லை. விடை தேட அவகாசம் கிடைத்தது. வெளிநாட்டுப் புலவர் ஒருவர் இடைபுகுந்து உதவவும் வழி இருந்தது.

மூன்றாவது, சான்றின் பொதுமை. வீரசோழியம் 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரனார் என்னும் பௌத்தர் இயற்றிய இலக்கணம். சைவப் புராணத்தின் முதற்சொல்லை, சைவத் திருக்கோயிலில், பௌத்தர் நூல் காத்தது. சான்று எச்சமயத்தாருடையது என்று அவை வினவியதாகக் கதை கூறவில்லை. சமயப் பூசல் மிகுந்திருந்த நிலத்தில் வழங்கிய கதை இவ்வாறு அமைந்தது பொருளுடையது.

கந்தபுராணத்தின் காலம் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கதையின் தெய்வீகக் கூறுகளும் வரலாற்றுச் சான்றாகா. எனினும், தெய்வம் தந்த சொல்லுக்கும் விதி காட்டவேண்டும் என்னும் கருத்தைக் காஞ்சிப் புலமை மரபு தன் பெருமைக்குரிய கதையாகப் போற்றி வந்தமை மறுக்கவொண்ணாதது.

5. உத்திரமேரூர்: திருத்தம் பெற்ற விதி

படைப்புக்கு மட்டுமன்றி விதிகளுக்கும் இவ்வட்டாரத்தார் திருத்தம் கண்டனர். உத்திரமேரூர்ச் சபை வாரியத் தேர்தலுக்கான ஒழுங்கினை முதற் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில், 919இல், வகுத்தது. இரண்டே ஆண்டுகளில், 921இல், மற்றொரு கல்வெட்டால் அதனை மேலும் விரிவாகத் திருத்தி அமைத்தது. 35 வயதுக்கு மேல் 70க்கு உட்பட்டவர், வரி செலுத்தும் கால்வேலி நிலமேனும் உடையவர் என்பன தகுதிகள். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். ஒன்றை வகுத்து, நடத்திப் பார்த்து, கண்ட குறையை நீக்கி மீண்டும் பொறித்த செயல் இது. மதிப்பிடும் இடத்தில் அமர்வோர் தாமும் கணக்குக் காட்டியவராக இருத்தல் வேண்டும் என்பது திருத்துரைக்கும் பொருந்தும் நெறி. அதே நேரத்தில், நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அச்சபையில் இடம் இருந்தது. அரங்கேற்ற அவைகளும் பெரும்பாலும் இவ்வாறு குறுகியவையே. அவற்றின் முறையைப் போற்றுவார் இவ்வெல்லையை மறத்தலாகாது.

6. சூறாவளியும் விருத்தியும்

காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டத்தை இயற்றிய சிவஞான முனிவர் 1785இல் மறைந்தவர். குறைகாட்டலின் இரு முகங்களையும் அவரிடமே காணலாம். 17ஆம் நூற்றாண்டினரான திருவாரூர் வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுத்து அவர் எழுதிய நூலுக்கு ‘இலக்கண விளக்கச் சூறாவளி’ என்று பெயர். விளக்கை அணைக்கும் காற்று என்பது பெயரின் குறிப்பு. மறுக்கப்பட்ட ஆசிரியர் விடை கூற உயிரோடில்லை.

நன்னூலுக்குச் சங்கர நமச்சிவாயர் எழுதிய விருத்தியுரையை அவர் அணுகிய முறை வேறு. வேண்டுவன சேர்த்து, தகாதன நீக்கி, அவ்வுரையைத் திருத்தினார். சங்கர நமச்சிவாயர் செய்து சிவஞான முனிவரால் திருத்தப்பட்டது என இருவர் பெயராலும் அவ்வுரை வழங்குகிறது. நன்னூல் கற்போர் கையில் நெடுங்காலம் பயின்றது இத்திருத்தப்பட்ட உரையே. சூறாவளி புலமைப் போருக்குச் சான்றாக நிற்கிறது. விருத்தியோ பாடமாக வாழ்கிறது. குறைகாணும் கூர்மையில் இரண்டும் ஒப்பன. முன்னையது பிறர் ஆக்கத்தை வீழ்த்த முயன்றது. பின்னையது அதனுட் புகுந்து பணி செய்தது.

7. அவை நீங்கிய கண்டனம்

அச்சு பரவியபின் நூல்கள் அவையை நாடாமலே வாசகரை அடைந்தன. கடா, துண்டு வெளியீடாக மாறிற்று. 1867இல் இராமலிங்க அடிகளின் திருவருட்பா வெளிவந்ததைத் தொடர்ந்து எழுந்த அருட்பா மருட்பா விவாதம் இதற்குத் தக்க சான்று. ஆறுமுக நாவலர் தரப்பினின்று ‘போலியருட்பா மறுப்பு’ 1869இல் வெளிவந்தது. பதிலுக்குப் பதிலாகக் கண்டன நூல்கள் பெருகின. அதே ஆண்டில் பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இரு பெரியோரும் மறைந்த பின்னரும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அது ஓயவில்லை.

பாடல்களுக்கு ‘அருட்பா’ என்னும் பெயர் பொருந்துமா என்பது தொடக்கத்தில் விடை காணத்தக்க கடாவே. கடாவும் விடையும் எதிரெதிரே நிற்கும் அவை இல்லாமையால், ஒவ்வொரு வெளியீடும் தன் தரப்பாரை மட்டும் நோக்கிப் பேசியது. நூலைப் பற்றிய வினா ஆளைப் பற்றிய வசையாகத் திரிந்தது. குறைகாட்டலின் கடுமை அரங்கேற்ற அவையிலும் இருந்தது. முடிவுக்குக் கொணரும் முறை மட்டுமே இங்கு இல்லாது போயிற்று.

8. களம் வரைவோர் குழாங்கள்

1993 டிசம்பரில் வெளியான ‘டூம்’ விளையாட்டு, களத்திற்குரிய தரவுகளை நிரலின் மையப் பொறியினின்று பிரித்துத் தனிக் கோப்பாக வைத்தது. அதனால் ஆடுவோர் தாமே புதுக்களங்களை வரைந்தனர். 1999இல் மின் லே, ஜெஸ் கிளிஃப் இருவரும் ‘ஹாஃப் லைஃப்’ விளையாட்டின் மேல் உருவாக்கிய ‘கவுன்டர் ஸ்டிரைக்’, சோதனைப் பதிப்புகளாக அடுத்தடுத்து வெளிவந்து, ஆடியோர் கருத்தால் செப்பமுற்று, 2000இல் வணிகப் பதிப்பாயிற்று. 2002இல் வெளிவந்த ‘வார்கிராஃப்ட் 3’ விளையாட்டின் வரைகருவியால் பிறந்த ‘டோட்டா’ என்னும் களம், ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாறி, எண்ணிட்ட பதிப்புகளாகவும் மாற்றப் பட்டியல்களோடும் வளர்ந்தது. முன்னோர் உரையைப் பின்னோர் திருத்திய விருத்தியுரை மரபோடு இதனை ஒப்பிடலாம்.

இக்குழாங்களில் பயன்படும் திருத்துரையின் இயல்பு குமரகோட்டக் கடாவை ஒத்தது. ‘களம் சலிப்பூட்டுகிறது’ என்பதால் வரைந்தவர்க்குப் பயனில்லை. எவ்வாயிலில் ஆடுவோர் வழி தெரியாது நின்றார், எம்மேட்டிலிருந்து ஒரு தரப்பார்க்கு மட்டும் மிகைவலு கிட்டுகிறது என இடம் சுட்டல் வேண்டும். படம் எடுத்துக் காட்டுதல் இங்கு நூற்பா காட்டுவதற்கு ஈடானது.

வேறுபாடும் உண்டு. அரங்கேற்றத்தில் ஆக்கியோன் வாய்திறந்து விடை கூறலாம். ஆட்டச் சோதனையிலோ அவர் வாளா இருந்து காணவேண்டும். ஒவ்வோர் ஆட்டக்காரர்க்கும் அருகிருந்து அவர் விளக்க இயலாது. களமே விடை கூறல் வேண்டும். எழுத்தாக வெளிவந்த ஆய்வுக் கட்டுரையின் நிலையும் அதுவே.

தமிழ் இணைய வெளியிலும் இதற்கிணையான அமைப்பு உண்டு. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, கட்டுரைதோறும் உரையாடல் பக்கத்தையும், பொதுக் கலந்துரையாடலுக்கு ‘ஆலமரத்தடி’ என்னும் பகுதியையும் கொண்டுள்ளது. கடா, விடை, திருத்தம் மூன்றும் அங்கே பதிவாகி நிற்கின்றன. வாய்மொழி அரங்கேற்றத்தில் இழக்கப்பட்ட பதிவு இதனால் மீளக் கிடைக்கிறது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள்:

1. தமிழ் மரபில் குறைகாட்டல் படைப்பின் புறத்தே நிகழ்ந்த ஒன்றன்று. களம், கேட்போர் என்னும் பாயிர உறுப்புகளால் நூலின் அடையாளத்துள் சேர்க்கப்பட்டது.

2. பயன்தரும் திருத்துரைக்கு இடம் சுட்டல், பொதுக் கலைச்சொல், விடைக்கு அவகாசம், எவரிடமிருந்தும் சான்று ஏற்றல் ஆகிய நான்கும் இன்றியமையாதன. களம் வரைவோர் குழாங்களிலும் இவையே பயன் தருகின்றன.

3. மதிப்பாளர் கடுமையானவர் என்பதால் திருத்துரை கெடுவதில்லை. கடாவும் விடையும் சந்திக்கும் அவை இல்லாதபோதே அது கண்டனமாகத் திரிகிறது.

4. இன்றைய நூல் வெளியீட்டு விழாக்களிலும் ஆய்வேடுகளின் பொது வாய்மொழித் தேர்வுகளிலும் பாராட்டுரையே மிகுதியும் இடம்பெறுகிறது. அரங்கேற்றத்தின் பந்தலும் மாலையும் எஞ்ச, கடா நீங்கியது. வாய்மொழித் தேர்வில் எழும் வினாக்களையும் ஆய்வாளர் அளிக்கும் விடைகளையும் ஆய்வேட்டின் பின்னிணைப்பாகச் சேர்க்கும் வழக்கத்தைப் பல்கலைக்கழகங்கள் மேற்கொள்ளலாம். ஆய்வேட்டின் களம் அப்போது மீண்டும் பதிவாகும். பின்வரும் ஆய்வாளர் எக்கடா தீர்ந்தது, எது தீராது நிற்கிறது என்பதை அறிந்து தம் பணியைத் தொடங்குவர்.