எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஒழிப்புக்கான உலக நிதியம்

எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகிய மூன்று நோய்களையும் எதிர்கொள்ள ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளுக்கு மானியம் வழங்கும் சர்வதேச அமைப்பு. 2002 ஜனவரியில் தொடங்கப்பட்டது, தலைமையகம் ஜெனீவா. ஐ.நா.வின் கிளை என்று பலர் நினைப்பதுண்டு; அப்படியல்ல. தொடக்கத்தில் நிர்வாகப் பணிகளை உலக சுகாதார நிறுவனம் பார்த்துக்கொண்டது. 2009 முதல் அதுவும் இல்லை. நிதியத்துக்கெனச் சொந்த மருத்துவமனையோ, நாடுதோறும் அலுவலகமோ கிடையாது. பணம் திரட்டுவது, கொடுப்பது, செலவைச் சரிபார்ப்பது ஆகியவைதான் அதன் வேலை. தனியார் கொடையாளர்களில் கேட்ஸ் அறக்கட்டளையின் பெயர் அதிகம் அடிபட்டாலும், வரும் தொகையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அரசுகள் தரும் வரிப்பணம்தான்.

2000ஆம் ஆண்டில் எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவானது. பணக்கார நாட்டு நோயாளிகள் பிழைத்தார்கள். ஆப்பிரிக்க நோயாளிகள் செத்தார்கள். 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம், மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சையை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. விலையைச் சொல்லித் தட்டிக்கழிக்க அதன்பின் வழியில்லை. யார் கொடுப்பது என்பதுதான் மிச்சம். ஏப்ரலில் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான், ஆண்டுக்கு 700 முதல் 1,000 கோடி டாலர் வேண்டும் என்று கேட்டார். ஜூலையில் ஜெனோவாவில் கூடிய ஜி-8 நாடுகள் நிதியம் அமைக்க ஆதரவளித்தன. 

மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாநாடு கூட்டி அரசுகளிடம் வாக்குறுதி பெறுவது வழக்கம். 2019இல் லியோனில் சுமார் 1,400 கோடி டாலரும், 2022இல் நியூயார்க்கில் சுமார் 1,425 கோடி டாலரும் அறிவிக்கப்பட்டன. மிகப் பெரிய கொடையாளர் அமெரிக்கா. ஆனால் 2003ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி அதன் பங்கு மொத்தத்தில் 33 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அமெரிக்கா ஒரு டாலர் தர, மற்றவர்கள் இரண்டு டாலர் தர வேண்டும். பிற நாடுகளைக் கொடுக்கத் தூண்டிய நல்ல நிபந்தனை இது. ஒரே நாட்டின் தயவில் நிதியம் நிற்பதையும் இதுவே காட்டிக்கொடுக்கிறது.

பெறும் நாட்டில், அரசு அதிகாரிகளோடு தொண்டு நிறுவனத்தினரும் நோயாளிகளின் பிரதிநிதிகளும் அமர்ந்த ஒருங்கிணைப்புக் குழுதான் திட்டத்தை எழுதி அனுப்புகிறது. இந்தியா மானியம் பெறும் நாடு, கொடையும் தரும் நாடு. இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 அன்று தொடங்கிய இலவச எச்.ஐ.வி. கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) சிகிச்சையின் முதல் மையங்களில் ஒன்று தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அத்திட்டம் நாடெங்கும் விரிவடைய நிதியத்தின் பணம் கைகொடுத்தது. இலங்கையில் போரால் சிதைந்த வடக்கு, கிழக்கு மாவட்டங்களிலும் மலேரியாத் தடுப்புக்கு அது உதவியது. 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது.

2011இல் நிதியத்துக்குப் பெரிய சோதனை வந்தது. மாலி, மொரிட்டானியா உள்ளிட்ட சில நாடுகளில் நடந்த முறைகேடுகளை அதன் சொந்தத் தணிக்கைப் பிரிவே கண்டுபிடித்திருந்தது. செய்தி பரவியதும் ஜெர்மனி, சுவீடன் ஆகியவை பணத்தை நிறுத்திவைத்தன. கணக்கை மூடி மறைத்திருந்தால் இந்தத் தண்டனை வந்திராது என்பதுதான் விசித்திரம். பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அவ்வாண்டு நவம்பரில் பதினோராம் சுற்று மானியம் ரத்தானது.

இன்று ஒரு நோயாளி நாளுக்கு ஒன்றாக விழுங்கும் மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அடக்கம். மொத்தக் கொள்முதலால் நிதியத்துக்கு ஓராண்டு மருந்து 40 டாலருக்கும் குறைவாகக் கிடைக்கிறது. மருந்து இவ்வளவு மலிந்த வேளையில்தான் அரசுகள் கையைச் சுருக்குகின்றன. 2025இல், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட மானியங்களையே இடைவழியில் வெட்ட நேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் நிதியம் கேட்டது 1,800 கோடி டாலர்; அன்று கிடைத்த வாக்குறுதி சுமார் 1,134 கோடி.