பழைய கார்களில் மாற்று ஸ்டீயரிங் பொருத்துதல்

காருடன் வந்த ஸ்டீயரிங்கைக் கழற்றிவிட்டு வேறு நிறுவனத்தின் ஸ்டீயரிங்கை மாட்டும் வேலை. இத்தாலிய கார் பந்தய வீரர் ஜான்பியரோ மொரெட்டி 1964இல் தொடங்கிய மோமோ இத்துறையின் புகழ்பெற்ற பெயர்களுள் ஒன்று.

புதிய ஸ்டீயரிங் தண்டில் நேரடியாக அமராது. இடையில் 'பாஸ்' எனப்படும் இணைப்பான் வேண்டும். அதன் உட்பற்கள் அந்தந்தக் காரின் தண்டுப் பற்களோடு பொருந்த வேண்டும். மோமோ, ஸ்பார்க்கோ ஸ்டீயரிங்குகளின் ஆறு போல்ட்டுகள் பொதுவாக 70 மி.மீ. வட்டத்திலும், நார்டியின் போல்ட்டுகள் 74 மி.மீ. வட்டத்திலும் அமைகின்றன. இந்த 4 மி.மீ. வேறுபாட்டைக் கவனிக்காமல் வாங்கி ஏமாறுவோர் பலர்.

பழைய ஸ்டீயரிங்கைக் கழற்றும் முன் முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, பேட்டரி இணைப்பை எடுத்து, தண்டில் அடையாளமிட வேண்டும். மைய நட்டை முழுவதும் கழற்றாமல் சில சுற்றுகள் விட்டுவைப்பது நல்லது. இறுகிய ஸ்டீயரிங் திடீரென விடுபட்டால் முகத்தில் அடிக்கும். சுத்தியலால் தண்டைத் தட்டவே கூடாது, 'புல்லர்' எனப்படும் இழுப்புக் கருவிதான் சரி. ஹாரன் கம்பியையும், இண்டிகேட்டரைத் தானாக அணைக்கும் முளையையும் மறக்கலாகாது. நட்டைக் காரின் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும்.

பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில் 400 மி.மீ. விட்டத்திலிருந்து 350க்கு இறங்கினால், திருப்பும் விசை ஏறத்தாழ 14 விழுக்காடு கூடும். காற்றுப்பை உள்ள காரில் இம்மாற்றம் அந்தப் பாதுகாப்பையே பறித்துவிடும். அங்கே தவிர்ப்பதே முறை.