ஐடி கம்பெனியில் 'பென்ச்'னா என்ன? சம்பளம் வந்துகிட்டே இருந்தும் ஏன் பயப்படுறாங்க?

வேலையில் இருக்காங்க, மாசக் கடைசியில் சம்பளமும் சரியா வருது. ஆனா செய்றதுக்கு வேலை இல்லை. சிறுசேரி, சோழிங்கநல்லூர் பக்கம் பெரிய ஐடி கம்பெனிகளில் இருப்பவர்கள் இதை "பென்ச்ல இருக்கேன்" என்று சொல்வார்கள். சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குறது ஜாலிதானே என வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். உள்ளே இருப்பவர்களுக்கோ தூக்கம் கெடுவது அப்போதுதான். ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

கம்பெனிக்கு காசு எங்கிருந்து வருது?

டிசிஎஸ், இன்ஃபோசிஸ், காக்னிசன்ட், விப்ரோ போன்றவை முக்கியமாக சேவை நிறுவனங்கள். அமெரிக்கா, ஐரோப்பாவில் உள்ள வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், கடை நிறுவனங்களின் மென்பொருள் வேலைகளை எடுத்துச் செய்து கொடுக்கின்றன. வேலை கொடுக்கும் நிறுவனத்துக்குப் பெயர் 'கிளையன்ட்'.

பல ஒப்பந்தங்களில் கணக்கு ரொம்ப எளிமையானது. ஒரு ஊழியர் ஒரு மணி நேரம் வேலை பார்த்தால் இவ்வளவு டாலர். ஊழியர்கள் வாராவாரம் 'டைம்ஷீட்' நிரப்புவது இதற்காகத்தான். அதை வைத்துத்தான் கிளையன்ட்டுக்கு பில் போகிறது. இப்படி பில் போடக்கூடிய வேலையில் இருப்பவர் 'பில்லபிள்'. புராஜெக்ட் முடிந்து, அடுத்தது கிடைக்காமல் காத்திருப்பவர் 'பென்ச்'.

மொத்த ஊழியர்களில் எத்தனை சதவீதம் பேர் பில்லபிள் என்பதை 'யூட்டிலைசேஷன்' என்கிறார்கள். இன்ஃபோசிஸ் தனது காலாண்டு முடிவுகளிலேயே இந்த எண்ணை வெளியிடுகிறது. பங்குச்சந்தையும் இதை கவனிக்கிறது. அதனால் பென்ச்சில் ஆள் கூடினால் மேலே இருந்து கீழே வரை அழுத்தம் வரும்.

அப்போ எதுக்கு பென்ச் வைக்கிறாங்க?

கிளையன்ட் திடீரென "அடுத்த வாரம் 20 பேர் வேணும்" என்பார். ஆள் எடுக்கும் வேலையை அன்றைக்குத் தொடங்கினால், ஆள் வந்து சேர சில மாதங்கள் ஆகிவிடும். பல பெரிய நிறுவனங்களில் நோட்டீஸ் காலமே 90 நாள். அதனால் கொஞ்சம் பேரை கையிருப்பில் வைத்திருப்பது நிறுவனத்துக்கும் தேவைதான்.

பென்ச்சில் இருப்பவர் உண்மையில் சும்மா இருப்பதில்லை. ஆன்லைன் கோர்ஸ் முடிக்க வேண்டும், புராஜெக்ட் ஒதுக்கும் குழுவைத் தொடர்ந்து கேட்க வேண்டும், சொந்த கம்பெனிக்குள்ளேயே இன்டர்வியூ கொடுக்க வேண்டும். தெரிந்த தொழில்நுட்பம் ஒன்று, கிடைக்கும் புராஜெக்ட் வேறு என்றாலும் எடுத்துக்கொள்ள வேண்டிய நிலை வரும். வேறு ஊரில்தான் வேலை என்றால் குடும்பத்தோடு போவதா, தனியாகப் போவதா என்ற கேள்வியும் கூடவே வரும்.

35 நாள் கணக்கு

2025 ஜூன் மாதம் டிசிஎஸ் கொண்டுவந்த விதி இதை நாடு முழுக்கப் பேசவைத்தது. ஆண்டுக்கு 225 வேலை நாட்கள் பில்லபிளாக இருக்க வேண்டும், பென்ச்சில் 35 வேலை நாட்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதுதான் அது. வாரத்துக்கு 5 நாள் என்றால் ஆண்டுக்கு 260 நாள். அதில் 225 போனால் மிச்சம் 35.

அடுத்த மாதமே, மொத்த ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக டிசிஎஸ் அறிவித்தது. அதில் பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலை ஊழியர்கள். ஏஐ காரணமில்லை, திறன் பொருந்தாததும் புராஜெக்ட்டில் அமர்த்த முடியாததுமே காரணம் என்று நிறுவனத்தின் சிஇஓ கிருத்திவாசன் விளக்கம் அளித்தார்.

சீனியர்களுக்கு ஏன் சிக்கல்? அனுபவம் கூடக்கூட சம்பளம் கூடும். ஆனால் கிளையன்ட் கொடுக்கும் மணிநேரக் கட்டணம் அதே வேகத்தில் கூடாது. அந்தச் செலவில் இரண்டு ஜூனியர்களைப் போடலாமே என்று புராஜெக்ட் மேனேஜர் கணக்குப் பார்ப்பார். வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் உச்சத்தில் இருக்கும் 40 வயதில்தான் பலருக்கு இந்தக் கணக்கு எதிராகத் திரும்புகிறது.

"நீங்களே ராஜினாமா கொடுத்துடுங்க" என்றால்?

பணிநீக்கம் வேறு, ராஜினாமா வேறு. இந்த வித்தியாசத்தில்தான் உரிமையே இருக்கிறது. ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து பணிபுரிந்த 'தொழிலாளர்' ஒருவரை ஆட்குறைப்பு செய்தால், காரணத்துடன் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். கூடவே, பணிபுரிந்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரி சம்பளம் இழப்பீடு உண்டு. தானே ராஜினாமா செய்தவருக்கு இந்த இழப்பீடு கிடையாது.

ஐடி ஊழியர்கள் 'தொழிலாளர்' வரையறைக்குள் வருவார்களா? அவரவர் உண்மையில் செய்யும் வேலையைப் பொறுத்தது அது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் வரமாட்டார்கள். ஆனால் 'மேனேஜர்' என்ற பதவிப் பெயர் மட்டும் அதை முடிவு செய்யாது. ஐடி ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம், தொழில் தகராறு சட்டத்தின் கீழ் தீர்வு கேட்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது.

பென்ச்சில் இருந்தால் என்ன செய்யலாம்?

* புராஜெக்ட் கேட்டு அனுப்பிய மெயில்கள், கொடுத்த இன்டர்வியூக்கள், முடித்த கோர்ஸ்கள் எல்லாவற்றுக்கும் தேதியோடு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். "இவர் முயற்சியே எடுக்கவில்லை" என்ற பேச்சு வந்தால் கைகொடுக்கும்.
* அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் நோட்டீஸ் காலம், இடமாற்றம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.
* சிடிசியில் 'வேரியபிள் பே' எவ்வளவு என்று பாருங்கள். பென்ச்சில் இருக்கும்போது முதலில் அடிபட வாய்ப்புள்ள தொகை அதுதான்.
* நிரந்தர ஊழியருக்கு 5 ஆண்டு பணி முடிந்தால் கிராஜுவிட்டி உரிமை உண்டு. வெளியேறும் தேதியை ஒப்புக்கொள்வதற்கு முன் அதைக் கணக்கிடுங்கள்.
* மீட்டிங் அறையிலேயே ராஜினாமா கேட்டால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள், அவகாசம் கேளுங்கள், தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் பேசிவிட்டு முடிவு எடுங்கள்.