அலைகள் ஓய்வதில்லை: அன்று அழுதோம், இன்று?

1981 ஆம் ஆண்டு யூலை மாதம் 18 ஆம் திகதி பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ தமிழகத்தில் வெளியாயிற்று. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு அப்போது ஏழு வாரங்களே கழிந்திருந்தன. எம்மிற் பலர் அன்று பாடசாலைப் பிள்ளைகள். நெருப்பையும் காதற் கதையையும் ஒரே ஆண்டில் அறிந்த தலைமுறை எமது. நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் இப்படத்தின் மீது எம்மவர் கொண்ட பற்றுக் குறையவில்லை.

இளங்காதலரின் கதைகள் பெரிதும் விரும்பப்பட்ட காலம் அது. 1973 இல் இந்தியில் ‘பொபி’யும், 1978 இல் தெலுங்கில் ‘மரோ சரித்திரா’வும், 1980 இல் தமிழில் ‘ஒருதலை ராக’மும் பெருவெற்றி கண்டிருந்தன. அவ்வழியில் பாரதிராஜா, நடிகர் முத்துராமனின் மகன் கார்த்திக்கையும் கேரளத்தைச் சேர்ந்த ராதாவையும் அறிமுகஞ் செய்தார். கதை மணிவண்ணனுடையது, இசை இளையராஜாவினது. படப்பிடிப்பு கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் கடற்கரையில் நடைபெற்றது. அதே ஆண்டு வெளியான இதன் தெலுங்கு வடிவமாகிய ‘சீதாகோக சிலுக’ சிறந்த தெலுங்குப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது.

விச்சு, சங்கீதம் கற்பிக்கும் பிராமணத் தாயின் மகன். மேரி, ஊரிற் செல்வாக்குள்ள கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். பாட்டுக் கற்க வந்த இடத்தில் அன்பு அரும்புகிறது, ஊர் எதிர்க்கிறது. ஈற்றில் அவன் பூணூலையும் அவள் சிலுவையையும் களைந்துவிட்டு ஊரை நீங்குகிறார்கள்.

முட்டத்தின் அலைகளையும் தேவாலயத்தையும் திரையிற் கண்டபோது குருநகரும் பாசையூரும் எம் கண்முன் தோன்றின. கோயில் மணியும் தேவாலய மணியும் அடுத்தடுத்துக் கேட்கும் மண்ணில் வளர்ந்த எமக்கு இக்கதை அயலூர்க் கதையன்று. அதன் பாடல்களோ வானொலி வழியே வீட்டு முற்றம் வரை வந்துவிட்டிருந்தன.

பின்னர் ஊர் கலைந்தது. மொன்றியலுக்கு வந்து சேர்ந்தோம். பனிக்கால இரவுகளில், தமிழ்க் கடையில் வாடகைக்கு எடுத்த வீடியோ கசெற்றில் இப்படத்தை மீண்டும் மீண்டும் பார்த்தோம். ஊரை நீங்கிய காதலர் எங்கே போனார்கள், எவ்வாறு பிழைத்தார்கள் என்று படம் கூறுவதில்லை. வெறுங்கையுடன் புறப்பட்ட எமக்கு அதனைக் கூற வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. அன்று மேரிக்காகக் கண்ணீர் வடித்த நாம், இன்று எம் மகள் ஒருவனை விரும்புவதாகச் சொன்னால் முதலிற் கேட்பது என்ன? “அவை என்ன ஆக்கள்?” என்பதைத்தானே! விமானங்கள் தாழப் பறக்கும் இந்த டோர்வலில் இருந்துகொண்டு, பையனின் ஊரையும் சாதியையும் சமயத்தையும் அறியத் தாயகத்திற்குத் தொலைபேசி எடுக்கிறோம். அகதியாக வந்தபோது வீட்டையும் காணியையும் விட்டுவந்தோம். இதனை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறோம். படம் பார்க்கும்போது விச்சுவின் பக்கம் நிற்கிறோம். வீட்டிலோ மேரியின் அண்ணன் டேவிட்டாக மாறிவிடுகிறோம்.

2013 இல் மணிரத்னத்தின் ‘கடல்’ படத்தில் கார்த்திக்கின் மகன் கௌதமும் ராதாவின் மகள் துளசியும் இணையாக அறிமுகமாயினர். அதுவும் கடற்கரைக் கதையே. திரையில் அடுத்த தலைமுறை வந்துவிட்டது. எம் வீடுகளிலும் வந்துவிட்டது.

ஒரு ஞாயிறு மாலையில் இப்படத்தைப் பிள்ளைகளோடு ஒருங்கிருந்து பார்ப்போம். தமிழ் முற்றாக விளங்காத பிள்ளைக்கும் கடைசிக் காட்சி விளங்கும். “அம்மா, அப்பா, நீங்கள் யாருடைய பக்கம்?” என்று அது கேட்கக்கூடும். நேர்மையான மறுமொழி ஒன்றை இப்போதே தேடி வைத்துக்கொள்வது நன்று.