பாதரசமும் பொட்டாசியமும்

அகராதிகள் ‘சிறுநீர்ப் பெருக்கி’ என்கின்றன. நோயாளிகள் எவரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. ‘நீர் மாத்திரை’ என்பதே வழக்கு. என் தாயாரும் அப்படித்தான் சொல்கிறார். ஐந்தாறு மாத்திரைகளுக்கு நடுவே மிக எளியதுபோல் கிடக்கும் அதன் வரலாறு அத்தனை எளியதன்று.

இதயம் தளர்ந்தால் உடலில் உப்பும் நீரும் தேங்குகின்றன. கால்கள் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்கூட, கால்தோலைத் துளைத்து மெல்லிய குழாய்களைச் செருகி நீரை வடியவிடுவது மருத்துவர்களின் வழிகளுள் ஒன்றாயிருந்தது.

1919 அக்டோபர். போரில் தோற்றுத் துவண்டிருந்த வியன்னாவில், பேராசிரியர் வெங்கெபாக்கின் மருத்துவப் பிரிவில் ஆல்ஃபிரட் வோகல் என்ற மாணவர் பணியாற்றினார். மேகநோயுற்ற ஓர் இளம்பெண்ணுக்கு அவர் எழுதிக்கொடுத்த பாதரச உப்பு நீரில் கரையாதது. கேட்டபடி அது கிடைக்கவில்லை. கைக்கு வந்த நோவசுரால் என்னும் வேறொரு பாதரச மருந்தைச் செலுத்தினார். மறுநாள் செவிலியரின் அட்டவணையில் சிறுநீர் அளவைக் குறிக்கும் பட்டை பன்மடங்கு உயர்ந்திருந்தது. ஊசியை நிறுத்தினால் தாழ்ந்தது. மீண்டும் போட்டால் எழுந்தது. பின்னர் இதயநோயால் வீங்கிக் கிடந்தவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தனர். லிட்டர் லிட்டராக நீர் வெளியேறியது. ஒரு மாணவரின் தவற்றையும் அதைக் கவனித்து எழுதிவைத்த ஒரு செவிலியரின் ஒழுங்கையும் இக்கண்டுபிடிப்பில் சம பங்காளிகளாகவே கருதத் தோன்றுகிறது.

ஆனால் பாதரசம் நஞ்சு. ஏறத்தாழ நாற்பதாண்டுகள் இவ்வூசிகள் உயிர்களைக் காத்தன. சிலரது சிறுநீரகத்தைக் கெடுத்தன. நரம்பில் ஏற்றிய சில நிமிடங்களில் இதயத்துடிப்பு தாறுமாறாகி இறந்தவர்களும் உண்டு. நரம்பை விட்டுத் தசைக்கு மாறினார்கள், மருந்தை விடவில்லை. வேறு மருந்து இல்லை என்பதே காரணம்.

1958இல் குளோரோதயசைடு மாத்திரை விற்பனைக்கு வந்தது. சல்ஃபா மருந்துகளின் பக்கவிளைவொன்றைத் தொடர்ந்து சென்ற ஆய்வின் பயன் அது. அறுபதுகளில் அதனினும் வலிய ஃபுரோசமைடு வந்தது. பாதரசம் ஒழிந்தது. புதியவை நீரோடு பொட்டாசியத்தையும் அடித்துச் சென்றன. பொட்டாசியம் குறைந்த உடலில் டிஜிட்டாலிஸ் எளிதில் நஞ்சாகும். அன்று இதயநோயாளிகள் பலர் இவ்விரண்டையும் சேர்த்தே உண்டுவந்தனர்.

இனி எதிர்த்திசை. ஸ்பைரோனோலாக்டோன் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கும் பழைய மருந்து. கடுமையான இதயச் செயலிழப்புற்ற 1,663 பேரிடம் நடந்த சோதனையில், அது இறப்பை 30 சதவீதம் குறைத்ததென 1999இல் அறிவிக்கப்பட்டது. சோதனையில் சேர்ந்தோரின் சராசரி வயது 65. சிறுநீரகம் மிகப் பழுதானவர்களைச் சேர்க்கவில்லை. இரத்தத்தை அடிக்கடி பரிசோதித்தனர். கனடாவின் ஒன்டாரியோ மாநில மருத்துவர்கள் முடிவை ஏற்றனர். இந்நிபந்தனைகள் எல்லா இடத்திலும் உடன்வரவில்லை. இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனை சென்று திரும்பிய, 66 வயதும் அதற்கு மேலும் ஆன முதியவர்களை ஆராய்ந்த கட்டுரை 2004இல் வெளிவந்தது. பொட்டாசியம் மிகுந்து மருத்துவமனையில் சேர்ந்தோர் 1994இல் ஆயிரத்துக்கு 2.4 பேர்; 2001இல் 11 பேர். அதனால் இறந்தோர் ஆயிரத்துக்கு 0.3இலிருந்து 2 ஆயினர். இம்முதியவர்களின் ஒட்டுமொத்த இறப்போ குறையவில்லை.

மருந்தின்மீது பழிபோடுவது எளிது. ஆனால் ஸ்காட்லாந்தின் டேசைட் பகுதியிலும் 1999க்குப் பின் இதே மருந்து பெருமளவு பரவியது. 2010இல் வெளியான ஆய்வு, அங்கே பொட்டாசிய மிகுதியால் மருத்துவமனை சேர்வோர் கூடவில்லை என்று காட்டிற்று. இரத்தப் பரிசோதனைகளை அங்கே நெருக்கமாகச் செய்துவந்திருக்கிறார்கள்.

இதைப் படித்த அன்றிரவு என் தாயாரின் மருத்துவச் சீட்டுகளைப் புரட்டினேன். கடைசியாகப் பொட்டாசியம் பார்த்த தேதி பதினொரு மாதங்களுக்கு முந்தையது.