நிந்தனையா, தூண்டுதலா?

கூட்டத்தைத் தூண்டிவிடுவதை மலாய்மொழி 'ஹசுத்' என்கிறது. 1948-இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டம் மலாயில் 'அக்தா ஹசுத்தான்', அதாவது தூண்டுதல் சட்டம். தமிழ் நாளிதழ்களோ அதைத் 'தேச நிந்தனைச் சட்டம்' என எழுதி வந்துள்ளன. தேசம் மலாய்ப் பெயரில் இல்லை, தமிழில் சேர்ந்துகொண்டது!

நிந்தனை என்றால் பழிப்பு. அதற்குக் கூட்டம் தேவையில்லை. தூண்டுவதற்கோ கேட்க ஆளும் வேண்டும், உள்நோக்கமும் வேண்டும். ஆனால், சட்டத்தின் 3-ஆவது பிரிவு உள்நோக்கத்தைப் பொருட்படுத்துவதில்லை. பேச்சின் போக்கையே பார்க்கிறது. அந்த வகையில் தமிழ்ச் சொல்லே சட்டத்திற்குச் சற்று நெருக்கம்.

1969 மே கலவரத்திற்குப் பின், 1970-இல் சட்டம் விரிந்தது. குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர்களின் சிறப்பு நிலை, மலாய் ஆட்சியாளர்களின் இறையாண்மை ஆகியவற்றைக் கேள்வி கேட்பதும் குற்றமாயிற்று. கேள்வி கேட்பது பழிப்புமல்ல, தூண்டுதலுமல்ல. அதற்கு இரு மொழியிலும் புதுப்பெயர் வைக்கப்படவில்லை.